மார்கழியில் விடியல் பஜனை, பகல் கச்சேரி, மாலைக் கேள்வி ஞானம்: ஒரு குரல் மூன்றையும் தாங்குமா?

வைகைக்கரை மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டே வாய்ப்பாட்டும் கற்று வருகிறேன். பாட்டைத் தொழிலாகக் கொள்ளும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. ஆனால் மேடையில் உட்கார்ந்தால் கேட்பவர்கள் எழுந்து போகாத அளவுக்காவது பாட வேண்டும் என்ற ஆசை உண்டு. இந்த ஆண்டு கல்லூரி விடுமுறையோடு சில நாள் விடுப்பையும் சேர்த்து, மார்கழி முழுவதும் மயிலாப்பூரில் பெரியம்மா வீட்டில் தங்கப் போகிறேன். டிசம்பர் கடைசி வாரத்தில் ஒரு சிறிய சபாவில் பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு மணி நேரக் கச்சேரி கொடுத்திருக்கிறார்கள்.

பெரியம்மா தெருவில் ஒரு பஜனைக் கோஷ்டி இருக்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு, மாட வீதிகளைச் சுற்றி, கபாலீஸ்வரர் கோயில் வாசலில் முடிப்பார்கள். என்னைத் திருப்பாவை எடுத்துக்கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கூடாரவல்லியன்று (மார்கழி இருபத்தேழாம் நாள்) குடியிருப்பில் ஒரு விழா. அங்கும் பாட வேண்டும். மாலையில் எந்தச் சபாவுக்குப் போனாலும் கேட்க வேண்டிய கச்சேரி இருக்கிறது. இதற்கிடையே சாதகம் (பாட்டுப் பயிற்சி) செய்து, ஊர் திரும்பும்போது என் பாட்டு சிறிதேனும் முன்னேறியிருக்க வேண்டும் என்று குரு சொல்லி அனுப்பியிருக்கிறார். என் சுருதி, அதாவது பாட்டுக்கு ஆதாரமான ஒலியின் உயரம், ஐந்து கட்டை. பனியில் விடிகாலையில் பாடினால் பகலில் தார ஸ்தாயி (மேல் ஸ்தாயி) பஞ்சமம் எட்டுமா என்று அச்சமாக இருக்கிறது.

கச்சேரிக்கு என்ன பாடலாம், சாதகத்துக்கு எந்த நேரம் உகந்தது, ஒரு நாளில் எத்தனை கச்சேரி கேட்கலாம் என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். மற்றொரு சபாவில், நன்கொடை கொடுத்தால் ஜனவரியில் இன்னொரு வாய்ப்புத் தருவதாகச் சொல்கிறார்கள். அது முறைதானா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மாம்பலம் பாட்டு டீச்சர் எழுதியது:

குரலைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானதுதான், அம்மா. ஆனால் பனியைவிடக் கோஷ்டியின் சத்தம்தான் குரலை அதிகமாகக் கெடுக்கும். திறந்த வெளியில், ஜால்ராவுக்கும் டோலக்குக்கும் மேலே கேட்க வேண்டும் என்று நினைத்து அடித்தொண்டையிலிருந்து கத்துவதால்தான் பத்து மணிக்குக் குரல் கம்மிவிடுகிறது. கோஷ்டியை நடத்துபவர் ஆணாக இருந்தால் ஒன்று அல்லது ஒன்றரைக் கட்டையில் எடுப்பார். அந்தச் சுருதியில் உங்களுக்கு மேல் ஸ்தாயி எட்டாது, கீழ் ஸ்தாயி கேட்காது. நீங்களே எடுத்துக்கொடுக்கப் போவதாகச் சொல்வதால் சுருதியையும் நீங்களே வைத்துக்கொள்ளலாம். விடிகாலையில் குரல் இயல்பாகவே சற்றுத் தாழ்ந்திருக்கும். நாலரைக் கட்டையில் வைத்து, முக்கால் குரலில் பாடுங்கள். பின்னால் வருகிறவர்கள் வாங்கிப் பாடும்போது அவர்களோடு சேர்ந்து பாடாமல் வாயை மூடிக்கொண்டிருந்தால் பாதி உழைப்பு மிச்சமாகும். கழுத்தைச் சுற்றி ஒரு மஃப்ளர் இருக்கட்டும். அழகு பார்க்க வேண்டாம்.

பஜனையைச் சாதகத்துக்கு இடைஞ்சலாகக் கருத வேண்டியதில்லை என்பது என் எண்ணம். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் திருப்பாவைக்கு மெட்டமைத்தபோது, முதல் ஐந்து பாசுரங்களையும் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று, கன ராகங்கள் எனப்படும் கம்பீரமான ஐந்து ராகங்களின் வரிசையிலேயே வைத்தார். தியாகராஜ சுவாமிகளின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளும் இதே ஐந்து ராகங்களில், இதே வரிசையில்தான் பாடப்படுகின்றன. ஆகவே மார்கழி முதல் ஐந்து நாள்களில் நாளொரு கன ராகம் உங்கள் வாயில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. காலையில் கௌளையில் ‘வையத்து வாழ்வீர்காள்’ பாடிய அன்றே, பகல் சாதகத்தில் அந்த ராகத்தின் ரிஷபத்தை மட்டும் சுருதிப் பெட்டியோடு சேர்த்துப் பாடிப் பாருங்கள். அது ஷட்ஜத்தை ஒட்டித் தாழ்ந்து நிற்க வேண்டிய ஸ்வரம். ஒரு மயிரிழை மேலே போனாலும் கௌளையின் முகம் மாறிவிடும். ஆரபியில் காந்தாரமும் நிஷாதமும் நிற்காமல் உரசிக்கொண்டு போக வேண்டும். வராளியின் மத்தியமம் பஞ்சமத்தை நெருங்கி நிற்க வேண்டும். வராளியைக் குரு நேரடியாகச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. உங்கள் குருவும் அந்த வழக்கத்தைக் கடைப்பிடிப்பவராக இருந்தால், ‘ஆழி மழைக் கண்ணா’வை எம்.எல். வசந்தகுமாரியின் ஒலிப்பதிவில் திரும்பத் திரும்பக் கேட்டுப் பிடித்துக்கொள்ளலாம்.

மற்ற நாள்களிலும் இப்படியே தொடரலாம். பத்தாம் பாசுரம் தோடியில் வருகிறது, பதினேழாவது கல்யாணியில், இருபத்தெட்டாவது காம்போஜியில், இருபத்தொன்பதாவது மத்தியமாவதியில். மாதம் முடிவதற்குள் கச்சேரிக்கு வேண்டிய பெரிய ராகங்களில் பலவற்றைத் தொட்டுவிடுவீர்கள்.

சாதகத்தின் நேரத்தைக் கச்சேரியின் நேரம் தீர்மானிக்கட்டும். பிற்பகல் இரண்டு மணிக்குப் பாடப் போகிறவர் தினமும் காலை ஆறு மணிக்கு மட்டுமே சாதகம் செய்தால், உண்ட களைப்பில் குரல் எப்படி இருக்கும் என்பது மேடையில்தான் அவருக்குத் தெரியவரும். பஜனை முடிந்து வந்ததும் வெந்நீர் குடித்து, இரண்டு மணி நேரம் தொண்டைக்கு ஓய்வு கொடுங்கள். பிறகு மந்தர (கீழ்) ஸ்தாயியில் அகாரம் (‘ஆ’ என்று பாடும் பயிற்சி), ஒரு வர்ணம் (பயிற்சிக்கும் கச்சேரித் தொடக்கத்துக்கும் பாடும் உருப்படி) இரண்டு வேகத்தில், அவ்வளவு போதும். பதினோரு மணிக்கு லேசாகச் சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணிக்குச் சம்மணமிட்டு உட்கார்ந்து, கைபேசியில் பதிவு செய்தபடி கச்சேரிப் பாட்டுகளை நிறுத்தாமல் பாடுங்கள். கோயிலில் நெய் சொட்டச் சொட்டக் கொடுக்கும் வெண்பொங்கலை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை; கச்சேரியன்று மட்டும் தவிர்த்துவிடுங்கள். கச்சேரிக்கு முந்தைய இரண்டு நாள்கள் பஜனையில் வேறொருவர் எடுத்துக்கொடுக்கட்டும்.

வலந்தலை எழுதியது:

நான் மிருதங்கம் வாசிப்பவன். டிசம்பரில் உங்களைப் போன்ற பலருக்குப் பகல் கச்சேரிகளில் வாசிக்கிறேன் என்பதால், பக்கவாத்தியத்தின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன், சகோதரி.

முதலில் சுருதி. உங்களுக்கு ஐந்து கட்டை என்றால் ‘ஹெச்சு’ (உயர்ந்த) சுருதி மிருதங்கம் வேண்டும். ஆண் குரலுக்கு எடுத்து வரும் ‘தக்கு’ (தாழ்ந்த சுருதி) மிருதங்கத்தை அந்த அளவுக்கு ஏற்ற முடியாது. மேடையில் உட்கார்ந்த பிறகு, ‘இன்று குரல் சரியில்லை, அரைக் கட்டை இறக்கிக்கொள்கிறேன்’ என்று சொன்னால், வலந்தலை (மிருதங்கத்தின் வலது முகம்) முழுவதையும் கல்லும் கட்டையும் கொண்டு சுற்றிச் சுற்றித் தட்டி இறக்க வேண்டும்; வயலின்காரர் நான்கு தந்திகளையும் மீண்டும் கூட்ட வேண்டும். உங்கள் ஒரு மணி நேரத்தில் ஏழெட்டு நிமிடம் அதிலேயே போய்விடும். விடிகாலையில் நாலரையில் பாடச் சொல்லி டீச்சர் அம்மா கூறியது குரலுக்கு நல்லதுதான். ஆனால் கச்சேரிச் சுருதி இன்னது என்று முன் வாரமே முடிவு செய்து, இருவருக்கும் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது நேரம். ஒரு மணி நேரக் கச்சேரியில் இரண்டரை மணி நேரக் கச்சேரியின் உருப்படிகளையெல்லாம் திணிப்பவர்கள்தான் அதிகம். திரை தூக்குவதும் சுருதி சேர்ப்பதும் சேர்ந்து நான்கு நிமிடம் ஆகும். ஆதி தாள வர்ணத்துக்கு ஐந்து நிமிடம். அடுத்து ஒரு கீர்த்தனையும் சில ஆவர்த்தனம் (தாளச் சுற்று) ஸ்வரமும் பத்து நிமிடம். விறுவிறுப்பாக ஒரு சிறு பாட்டு நான்கு நிமிடம். பிரதான ராகத்துக்கு ஆலாபனை (சாகித்தியம் இல்லாமல் ராகத்தை விரிப்பது) ஆறு, வயலினுக்கு மூன்று, கீர்த்தனைக்கு எட்டு, நிரவலும் (ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடுவது) ஸ்வரமும் ஏழு, தனி ஆவர்த்தனம் (மிருதங்கம் தனியாக வாசிப்பது) எட்டு என்று கொண்டால் முப்பத்திரண்டு நிமிடம். எஞ்சியிருப்பது ஒரு துக்கடாவுக்கும் (கடைசியில் பாடும் சிறு பாட்டு) மங்களத்துக்கும்தான். நீளமான அட தாள வர்ணம் பாட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் தனியோ துக்கடாவோ அடிபடும். தனியை வெட்டுபவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை, நான் கட்சிக்காரன்.

தனி நடக்கும்போது தாளத்தைத் தெளிவாகப் போடுங்கள். இளம் பாடகர்கள் பலர் அந்த எட்டு நிமிடமும் அடுத்த பாட்டின் சாகித்தியத்தை மனத்துக்குள் ஓட்டிக்கொண்டு, கையை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பார்கள். மோரா முடிந்து கோர்வையும் (இரண்டும் தனியின் முடிவுக் கணக்குகள்) வந்து எடுப்பில் (பாட்டு தொடங்கும் தாள இடத்தில்) விழும்போது பாட்டை எடுக்கத் தவறிவிடுவார்கள். ஒரு முறையாவது வயலின், மிருதங்கம் இருவரோடும் ஒத்திகை பாருங்கள். அது இயலாவிட்டால் நிரவல் எடுக்கும் வரியையும் எடுப்பையுமாவது சொல்லிவிடுங்கள்.

நாலாவது வரிசை எழுதியது:

ஓய்வு பெற்ற ரசிகனான எனக்குப் பாடத் தெரியாது. கேட்பதைப் பற்றி மட்டும் சொல்ல எனக்கு அருகதை உண்டு.

கச்சேரிக்கு முந்தைய இரண்டு நாள்கள் பஜனையை விட்டுவிடச் சொன்ன டீச்சர் அம்மாவோடு எனக்கு உடன்பாடு இல்லை. பாபநாசம் சிவன் பல பதிற்றாண்டுகள் மார்கழிதோறும் இதே மாட வீதிகளில் பஜனை நடத்தினார். அவரே மேடைக் கச்சேரியும் செய்தார், பாட்டும் கற்பித்தார், கீர்த்தனைகளும் புனைந்தார். மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது வழங்கியது 1971இல். வீதியில் பாடுவது மேடைக்குக் குறைந்தது என்ற எண்ணம் அந்தத் தலைமுறையில் இல்லை. குரல் ஓய்வெடுக்க வேண்டுமானால் எடுக்கட்டும். ஜால்ராவைக் கையில் வாங்கிக்கொண்டு கோஷ்டியோடு நடந்து போவதில் தொண்டைக்கு என்ன குறை வந்துவிடும்? கால அளவு பிசகாமல் ஒரு மணி நேரம் ஜால்ரா போடுவதும் லயப் பயிற்சிதான்.

ஒரு நாளைக்கு ஒரு கச்சேரி கேளுங்கள், முழுவதுமாகக் கேளுங்கள். இந்தச் சபாவில் வர்ணம், அந்தச் சபாவில் பல்லவி, நடுவே கேண்டீனில் அடை அவியல் என்று ஆட்டோவில் அலைபவர்களுக்கு மாதக் கடைசியில் எது யார் பாடியது என்பதே நினைவிருக்காது. (அடை அவியலுக்கு நான் எதிரி அல்லன், கச்சேரி முடிந்த பிறகும் அது கிடைக்கும்.) மாலையில் பெரிய வித்துவான்களின் கச்சேரிக்குச் சீட்டு கிடைக்காவிட்டால் கவலைப்பட வேண்டாம். பெரும்பாலான சபாக்களில் பகல் கச்சேரிகளுக்குக் கட்டணம் இல்லை. உங்கள் வயதுக்காரர்கள் அங்கே ஒரு மணி நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது, இன்றைய நிலையில் உங்களுக்கு அதிகப் பயன் தரும். சிறு நோட்டுப் புத்தகத்தில் ஆலாபனை தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் எழுதுங்கள். கூட்டம் எந்த இடத்தில் கைபேசியை எடுத்தது என்பதையும் எழுதுங்கள். பாடுகிறவர் ஒரே சஞ்சாரத்தை (ராகத்தின் ஸ்வரத் தொடரை) நான்காம் முறை பாடும்போதுதான் பெரும்பாலும் அது நடக்கும். அகாடமியின் காலை நேரச் செயல்முறை விளக்க உரைகளில் வாரத்துக்கு ஒன்றுக்காவது போய்வாருங்கள். 1927இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து பிறந்த அமைப்பு அது. கச்சேரியோடு ஆராய்ச்சியும் பேச்சும் சேர்ந்தே நடப்பது தொடக்க காலத்திலிருந்து அங்கே வழக்கம்.

தேவாரம் கேட்க விரும்பினால் பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்துக்குப் போகலாம். 1943இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் விழா டிசம்பரில் அங்கேதான் நடக்கிறது. பண் ஆராய்ச்சிக் கூட்டத்தில் ஓதுவார்கள் பாடிக் காட்டுவார்கள்.

துக்கடாவுக்கு ஒரு யோசனை சொல்கிறேன். திருஞானசம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய ‘மட்டிட்ட புன்னை’ப் பதிகத்தில் அவ்வூர்த் திருவிழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, ‘காணாதே போதியோ பூம்பாவாய்’ என்று கேட்டுக்கொண்டே போவார். அதில் மார்கழித் திருவாதிரைக்கும் ஒரு பாட்டு உண்டு. பண் சீகாமரம், நாதநாமக்கிரியையில் பாடுவது மரபு. நீங்கள் தினமும் சுற்றி வரும் அதே கோயிலின் பாட்டு. மயிலாப்பூரில் ஆருத்ரா தரிசனத்தையொட்டிப் பாடினால், களி கிண்டிய கையோடு சபாவுக்கு வந்திருக்கும் மாமிகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

நன்கொடை விஷயத்தில் என் கருத்து கண்டிப்பானது. பக்கவாத்தியக்காரர்களுக்கு நீங்கள் சன்மானம் கொடுப்பது முறை. மேடைக்கு நீங்கள் பணம் கொடுப்பது முறை அன்று. அரங்க வாடகையும் ஒலிபெருக்கிச் செலவும் சிறிய சபாக்களைத் திணற அடிக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சுமையை இருபது வயது மாணவியின் தலையில் ஏற்றுகிறவர்கள், அடுத்த ஆண்டு உங்கள் பாட்டைக் கேட்டா கூப்பிடுவார்கள், உங்கள் தந்தையின் பணப்பையை நினைத்தா? கூடாரவல்லியன்று அக்காரவடிசலுக்குக் காத்திருக்கும் கூட்டத்துக்கு முன்னால் பாடுவது அதைவிட நல்ல கச்சேரி.

காவிரிக் கரையான் எழுதியது:

ஜனவரியில் இன்னொரு வாய்ப்பு வேண்டுமானால் அதற்குத் திருவையாறு இருக்கிறதே! புஷ்ய பகுள பஞ்சமியன்று (புஷ்ய மாதத் தேய்பிறைப் பஞ்சமி) ஆராதனை. தியாகராஜ சுவாமிகள் 1847இல் அதே திதியில் சித்தியடைந்தார். தனியாகப் பாட முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். கிடைப்பதும் சில நிமிடங்கள்தான். ஆனால் பஞ்சரத்தினக் கோஷ்டி கானத்தில் பந்தலில் உட்கார்ந்து சேர்ந்து பாட யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆண்களும் பெண்களும் எதிரெதிராக உட்கார்ந்திருப்பார்கள். அந்தச் சமாதிக்குக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் பெண்களுக்கும் அங்கே பாட இடம் வேண்டும் என்று போராடியதை நினைத்துக்கொண்டு பாடுங்கள். பாடாந்தரம் (பாட்டைக் கற்றுப் பாடும் வழி) ஊருக்கு ஊர் சிறிது மாறும் என்பதால், வராளிப் பஞ்சரத்தினமான கன கன ருசிராவின் சரணங்களை அங்கே பெரும்பாலோர் பாடும் முறையில் ஒரு முறை கேட்டுவிட்டுப் போவது நல்லது. பொங்கலுக்கு ஊர் திரும்பும் வழியில் தஞ்சாவூரில் இறங்கிக்கொள்ள முடியுமா என்பதைப் பஞ்சாங்கத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள்; சில ஆண்டுகளில் ஆராதனை பொங்கல் கழிந்துதான் வரும்.

வைகைக்கரை மாணவி எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய எல்லாருக்கும் நன்றி. நன்கொடை கேட்ட சபாவுக்கு ‘இந்த ஆண்டு இயலாது’ என்று பணிவாகச் சொல்லிவிட்டேன். டீச்சர் அம்மா, நாலாவது வரிசை ஐயா இருவர் சொன்னதும் எனக்குப் பொருந்தும்படி, கச்சேரிக்கு முந்தைய இரண்டு நாள்களும் ஜால்ராவோடு மட்டும் நடப்பதாக முடிவு செய்திருக்கிறேன். பெரியம்மாவுக்கும் அதில் சம்மதம்.

குருவிடம் பேசி ஒரு வரிசை அமைத்திருக்கிறேன். ஸ்ரீ ராகத்தில் ஆதி தாள வர்ணம், ஆரபியில் ஒரு கீர்த்தனையும் ஸ்வரமும், பிரதானமாகக் கல்யாணி, துக்கடாவாக நாதநாமக்கிரியையில் பூம்பாவைப் பதிகத்தின் ஆதிரைப் பாட்டு, பிறகு மங்களம். கல்யாணியில் மிசிர சாபுவில் (ஏழு எண்ணிக்கைத் தாளம்) ஒரு கீர்த்தனையும், இரண்டு களை ஆதியில் (ஒவ்வொரு எண்ணிக்கையும் இரட்டிக்கும் மெதுவான ஆதி தாளம்) ஒரு கீர்த்தனையும் பாடம் ஆகியிருக்கின்றன. இரண்டு களைப் பாட்டுக்குக் கனம் அதிகம் என்று தோன்றுகிறது. எதை எடுக்கலாம்?

மாம்பலம் பாட்டு டீச்சர் எழுதியது:

வரிசை நன்றாக இருக்கிறது. முதல் இரண்டு ராகங்களிலும் வருவது சுத்த (தாழ்ந்த) மத்தியமம். அதன் பிறகு கல்யாணியின் பிரதி (உயர்ந்த) மத்தியமம் காதில் விழும்போது அரங்கத்தில் வெளிச்சம் போட்டது போல இருக்கும். வேறொரு விறுவிறுப்பான பாட்டைச் சேர்க்காமல் அந்த நான்கு நிமிடத்தை ஆலாபனைக்குக் கொடுத்துவிடுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன்: கல்யாணியில் ஆலாபனை தொடங்கியதும் தார ஸ்தாயிக்கு ஓடாதீர்கள். இளம் குரல்கள் அங்கே கைதட்டல் இருக்கிறது என்று எண்ணி முதல் நிமிடத்திலேயே மேல் ஷட்ஜத்தைப் பிடித்துவிட்டு, பிறகு இறங்கி வர வழி தெரியாமல் நிற்கின்றன. காந்தாரத்தைச் சுற்றி ஒரு நிமிடம், பஞ்சமத்தைச் சுற்றி ஒரு நிமிடம், நிஷாதத்தில் நின்று ஒரு நிமிடம் என்று பதிவு செய்து பழகுங்கள். பதினேழாம் நாள் காலையில் ‘அம்பரமே தண்ணீரே’ பாடும்போது அந்த மெட்டு காந்தாரத்தை எப்படிக் கையாள்கிறது என்பதையும் கவனியுங்கள்.

வலந்தலை எழுதியது:

மிசிர சாபுவையே எடுங்கள், சகோதரி. இரண்டு களை ஆதியில் ஓர் ஆவர்த்தனம் நிரவல் பாடுவதற்குள் சாபுவில் நான்கு ஆவர்த்தனம் போய்விடும். ஏழு நிமிட நிரவலிலும் ஸ்வரத்திலும் ஏதோ நடந்தது என்று கேட்பவருக்குத் தோன்ற வேண்டுமானால் சாபுதான் கைகொடுக்கும். இரண்டு களைக்கு நிதானம் வேண்டும். பதற்றத்தில் காலப்பிரமாணம் (வேகம்) ஓடிவிட்டால் அது இரண்டு களையாகவே இருக்காது. ஸ்வரத்தைக் குறைப்பு (படிப்படியாகச் சுருக்கிப் பாடுவது) வரை கொண்டுபோகாமல், கடைசியில் மூன்று முறை வரும் ஒரு சிறு கோர்வையை வீட்டிலேயே அமைத்து, அதைக் கைத்தாளத்தோடு மனப்பாடம் செய்துவிடுங்கள். அதை வயலின்காரருக்கு முன்பே சொல்வதில் தவறில்லை.

மேடையில் இன்னொன்றையும் கவனியுங்கள். சிறிய சபாக்களில் ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்பவர் மூன்று மைக்கையும் திறந்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார். அவர் போவதற்கு முன், உங்கள் எதிரே இருக்கும் சிறு ஒலிபெருக்கியில் தம்புரா நன்றாகக் கேட்க வேண்டும், மிருதங்கம் குறைவாக வர வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என் மைக்கைக் குறைக்கச் சொன்னால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். எனக்கு என் வாசிப்பு எப்படியும் கேட்கும்.